‘போர்டு’ – ஒரு பலகையின் வரலாறு

மலர்க் குழுவிலிருந்து போனில் பேசிய தம்பி, "சார், வரலாறு சம்பந்தமா ஒரு கட்டுரை வேணும். ஆனா சோழர் கால உள்ளாட்சி மட்டும் வேண்டாம் சார். பசங்க பக்கத்தைப் புரட்டிடுவாங்க" என்றார். முப்பது வருடத்துக்கு மேல் அதைத்தான் வகுப்பறையில் நடத்திச் சம்பளம் வாங்கினேன் என்று அவரிடம் நான் சொல்லவில்லை. சரி, இந்தத் தடவை கல்வெட்டை ஓரமாக வைத்துவிட்டு ஒரு இங்கிலீஷ் வார்த்தையின் வரலாற்றை எழுதுவோம் என்று உட்கார்ந்தேன். அந்த வார்த்தை ‘போர்டு’.

எத்தனையோ வார்த்தைகள் இருக்க இது எதற்கு என்று கேட்பீர்கள். இந்தக் கல்லூரியில் நான் காலடி வைத்த முதல் நாளே என்னையும் என் அப்பாவையும் திகைக்க வைத்த வார்த்தை இது.

1971 ஜூன். பி.யூ.சி. அட்மிஷன். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தோம். அப்பாவுக்குத் தச்சு வேலை. கதவு, நிலை, கட்டில், ஏர்க்கலப்பை என்று எது சொன்னாலும் செய்வார். ஆபீஸ் ஜன்னலில் நீட்டிய ஹாஸ்டல் படிவத்தில் ‘ரூம் ரெண்ட்’ என்று ஒரு வரி இருந்தது. அது புரிந்தது. அதற்குக் கீழே ‘போர்டிங் சார்ஜஸ்’ என்று இன்னொரு வரி, எதிரே ரூம் வாடகையைப் போலப் பல மடங்கு தொகை. எனக்குத் தெரிந்த ஒரே போர்டு, வாத்தியார் எழுதுகிற போர்டுதான். "பலகைக்கு மாசாமாசம் பணம் கட்டணுமாம்ப்பா" என்று அப்பாவுக்கு மொழிபெயர்த்தேன்.

அப்பா ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்து, மரியாதையாகத்தான் கேட்டார்: "பலகைக்கு எதுக்குங்க மாசாமாசம் காசு? ஒரு தடவை போட்டா பத்து வருஷம் உழைக்குமே. நல்ல பூவரசம் பலகையா நானே இழைச்சுக் கொண்டாந்து போட்டுடறேங்க."

உள்ளே இருந்த நாலு பேரும் சிரித்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் எழுந்து வந்து, "பெரியவரே, போர்டிங்னா சாப்பாடு" என்றார். அப்பா அப்போது ஒன்றும் சொல்லவில்லை. பணத்தைக் கட்டிவிட்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றபோது கேட்டார்: "ஏம்ப்பா, சாப்பாட்டுக்கும் பலகைக்கும் என்ன சம்பந்தம்?" எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள இரண்டு வருடம் ஆயிற்று.

ஒரே நாளில் எத்தனை போர்டு!

ஹாஸ்டல் மாணவனுக்கு ஒரு நாள் போவதற்குள் இந்த வார்த்தை எத்தனை வேஷத்தில் வந்தது என்று நினைத்துப் பாருங்கள். காலையில் வகுப்பில் பிளாக் போர்டு. இடைவேளையில் நோட்டீஸ் போர்டு. சாயங்காலம் கேரம் போர்டு. டவுனுக்குப் போனால் பஸ்ஸில் எந்த ஊர் போர்டு என்று பார்த்து ஏற வேண்டும். ஏறிய பின் உள்ளே இடமிருந்தாலும் ஃபுட்போர்டில்தான் நிற்பது என்பது நம் பரம்பரை வழக்கம். (கீழே விழுந்து கையை உடைத்துக்கொண்ட எங்கள் செட் நண்பர் இந்த வரியைப் படித்துவிட்டு எனக்குப் போன் செய்வார்.) சினிமாக் கொட்டகை வாசலில் ஹவுஸ்ஃபுல் போர்டு. கடைத்தெருவில் ‘போர்டிங் அண்ட் லாட்ஜிங்’. படித்து முடித்து வக்கீலாகவோ டாக்டராகவோ தொழில் தொடங்கினால் "போர்டு மாட்டிட்டான்" என்பார்கள். இதற்கு மேல் கரண்ட்டுக்கு ஒரு போர்டு, பாடத்திட்டத்துக்கு ஒரு போர்டு, கம்பெனியை நடத்த ஒரு போர்டு.

இதில் பலகை எது, சாப்பாடு எது, ஆட்கள் எது?

நல்ல வேளையாக எங்களுக்கு வாய்த்த ஆங்கிலப் பேராசிரியர் ஒரு விஷயத்தை அடிக்கடி சொல்வார்: "பெரிய வார்த்தையைப் பார்த்துப் பயப்படாதீங்கப்பா. அதுக்கு ஒரு அர்த்தம்தான் இருக்கும். சின்ன வார்த்தைதான் ஆளை ஏமாத்தும்." சொன்னது உண்மை. 1884-ல் பகுதி பகுதியாக வெளிவரத் தொடங்கி 1928-ல் முதல் பதிப்பு முடிந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியில் மிக நீளமான பதிவு ‘செட்’ என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்குத்தான். பின்னால் நடந்த திருத்தப் பணியில் ‘ரன்’ என்ற வினைச்சொல் அதை முந்தியது. அதற்கு மட்டும் அறுநூறுக்கு மேல் பொருள் பிரித்திருக்கிறார்கள். அவற்றின் முன்னால் ‘போர்டு’ சின்னப் பையன்தான். ஆனால் மற்ற இரண்டிலும் பார்க்க முடியாத ஒரு ஊர்வலத்தை இதில் பார்க்கலாம். சமையல் கூடத்திலிருந்து சர்க்கார் அலுவலகம் வரை ஒரு பலகை எப்படிப் போயிற்று என்கிற ஊர்வலம் அது.

அப்பாவின் கேள்விக்குப் பதில்

பி.ஏ. இரண்டாம் வருடத்தில் ஒரு மத்தியானம் லைப்ரரியில் அந்தப் பெரிய அகராதியை நின்றுகொண்டே படித்தேன். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் ‘போர்டு’ என்றால் அறுத்த மரப் பலகை. அதோடு கப்பலின் பக்கச் சுவர், போர்வீரன் பிடிக்கும் கேடயம் ஆகியவற்றுக்கும் அதே சொல்தான்.

அந்தக் கால இங்கிலாந்தில் பிரபு மாளிகையின் பெரிய கூடத்தில் நிரந்தரமான சாப்பாட்டு மேஜை என்று பெரும்பாலும் கிடையாது. சாப்பாட்டு நேரத்தில் கவட்டைக் கால்களை நிறுத்தி, அவற்றின் மேல் நீளப் பலகைகளைப் போடுவார்கள். சாப்பிட்டு முடிந்ததும் பலகைகளைக் கழற்றிச் சுவரோரம் சாத்திவிடுவார்கள். அதே கூடத்தில் ராத்திரி ஆட்கள் படுத்துத் தூங்குவார்கள். ஆகவே ‘பலகை போட்டாயிற்று’ என்றால் சாப்பாடு தயார் என்று அர்த்தம். பலகை மேஜையாயிற்று, மேஜை அதன்மேல் வைக்கும் உணவாயிற்று, உணவு தினப்படிச் சாப்பாட்டு ஏற்பாடாயிற்று. ஒரு வீட்டில் காசு கொடுத்துச் சாப்பிடுகிறவன் ‘போர்டர்’. சாப்பாடும் இடமும் கொடுக்கிற பள்ளிக்கூடம் ‘போர்டிங் ஸ்கூல்’.

லீவுக்கு ஊருக்குப் போனபோது இதை அப்பாவிடம் சொன்னேன். பெரிய கண்டுபிடிப்பைச் சொல்கிற மாதிரி சொன்னேன். அவர் இழைப்புளியை நிறுத்தாமலே, "சரிதானே. நாம கல்யாணத்துல எத்தனை இலைன்னு கேக்கறதில்லையா? இலையையா திங்கிறோம்?" என்றார்.

இன்று வரை இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. இலை என்றால் சாப்பாடு. பந்தி என்றால் வரிசை. வரிசை என்ற அர்த்தம் மறந்து விருந்து என்றே ஆகிவிட்டது. எந்த மொழிக்காரனும் சோற்றை அது பரிமாறப்படும் இடத்தை வைத்தே நினைத்திருக்கிறான்.

இந்த வீட்டுக்குள்ளேயே இன்னும் சில சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். நாம் ‘கப்போர்டு’ என்று சொல்லித் துணியை அடுக்குகிறோமே, அது முதலில் கோப்பைகளை எடுத்து வைக்கும் திறந்த பலகை. கதவு போட்டு மூடியது பிற்பாடு. ஒளிவுமறைவில்லாமல் நடப்பதை இங்கிலீஷில் ‘அபவ் போர்டு’ என்பார்கள். சீட்டாடுகிறவன் இரண்டு கையையும் மேஜைக்கு மேலே வைத்துக்கொண்டால் கீழே சீட்டு மாற்ற முடியாது, அதிலிருந்து வந்தது. குதிரை வண்டியில் குளம்படிச் சேறு ஓட்டுகிறவர் மேல் தெறிக்காமலிருக்க முன்னால் அடித்த பலகைதான் ‘டாஷ்போர்டு’. குதிரை போய்க் கார் வந்தது. காருக்குப் பின் கம்ப்யூட்டர் வந்தது. சேறு நின்றுபோய் எவ்வளவோ காலமாகியும் பலகையின் பெயர் மட்டும் நிற்கிறது.

கப்பல் பக்கம்

கப்பல் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய கப்பல்களில் திசை திருப்பும் துடுப்பு வலது பக்கத்தில் இருக்கும். திருப்பும் பக்கம் என்பதால் அது ‘ஸ்டார்போர்டு’. நட்சத்திரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சரக்கு ஏற்றும் இடது பக்கம் ‘லார்போர்டு’. புயலில் மாலுமி கத்தும்போது இரண்டும் ஒரே மாதிரி காதில் விழுந்து தொலைத்ததால், 1844-ல் பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை ‘லார்போர்டு’ வேண்டாம், ‘போர்ட்’ என்றே சொல்லுங்கள் என்று உத்தரவு போட்டது. அது துறைமுகத்தைக் குறிக்கும் வேறு சொல். கப்பலின் பக்கச் சுவரைத் தாண்டி உள்ளே வருவதுதான் ‘ஆன் போர்டு’. இன்று மீனம்பாக்கத்தில் விமானம் ஏற நம் பிள்ளைகள் கையில் பிடித்திருக்கும் போர்டிங் பாஸ், மரக்கப்பலின் அந்தப் பக்கப் பலகையிலிருந்து வந்தது. அதே கல்லூரி வாழ்க்கையில் ‘போர்டிங்’ என்றால் சாப்பாடு, விமான நிலையத்தில் ‘போர்டிங்’ என்றால் ஏறுவது. இரண்டு வெவ்வேறு பலகை.

மேஜையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள்

இப்போதுதான் கட்டுரையின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

சாப்பிடுகிற பலகையிலேயே பேச்சும் நடக்கும்; கணக்கும் பார்க்கலாம். 16-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆலோசனை நடக்கும் மேஜைக்கும் ‘போர்டு’ என்ற பெயர் நிலைத்தது. கொஞ்ச காலத்தில் மேஜை மறைந்து, அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களே ‘போர்டு’ ஆகிவிட்டார்கள். இந்த மாற்றத்தை அப்படியே பிடித்து வைத்த மாதிரி ஒரு அமைப்பு இங்கிலாந்து அரண்மனையில் இருந்தது. அதன் பெயர் ‘போர்டு ஆஃப் கிரீன் கிளாத்’, பச்சைத் துணி போர்டு! அரண்மனைச் செலவுக் கணக்கைத் தணிக்கை செய்தவர்கள் பச்சைத் துணி விரித்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்ததால் வந்த பெயர். நம் பாஷையில் சொன்னால் ராஜா வீட்டு மெஸ் பில்லைச் சரிபார்த்தவர்கள்.

தட்டுமுட்டுச் சாமான் அதிகாரமாக மாறுவது இது ஒன்றில் மட்டுமல்ல. நீதிபதிகள் உட்காரும் ‘பெஞ்ச்’ நீதிமன்றமே ஆயிற்று. நாணயம் மாற்றுகிறவன் இத்தாலியில் போட்டிருந்த பெஞ்சுதான் ‘பேங்க்’ ஆயிற்று. பிரெஞ்சுக்காரன் எழுதும் மேஜையில் விரித்த முரட்டுத் துணியின் பெயர் மேஜைக்கு வந்து, பிறகு அலுவலகத்துக்கே ‘பீரோ’ என்ற பெயரைக் கொடுத்தது. நாம் மட்டும் புத்திசாலித்தனமாக அதைத் திரும்பவும் சாமானாக்கி, கல்யாணச் சீராகக் கொடுத்துவிட்டோம்.

இந்த ‘போர்டு’ நம் ஊருக்கு வந்ததும் கப்பலேறித்தான். 1784-ல் கிழக்கிந்தியக் கம்பெனியைக் கண்காணிக்க லண்டனில் ‘போர்டு ஆஃப் கண்ட்ரோல்’ ஏற்பட்டது. 1786-ல் சென்னையில் ‘போர்டு ஆஃப் ரெவின்யூ’. மிராசுதாரும் குடியானவனும் எவ்வளவு நிலவரி கட்ட வேண்டும் என்பதைச் சென்னையில் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் தீர்மானித்தார்கள். லண்டன் போர்டு 1858-ல் கம்பெனி ஆட்சியோடு போயிற்று. சென்னை ரெவின்யூ போர்டு சுதந்திரத்துக்குப் பின்னும் இருந்து, 1980-ல்தான் கலைக்கப்பட்டது.

யோசித்துப் பாருங்கள். ஒரே வார்த்தை ஒரு பக்கம் ‘சோறு’, இன்னொரு பக்கம் ‘அந்தச் சோற்றில் உனக்கு எவ்வளவு என்று தீர்மானிக்கிறவர்கள்’.

இல்லாத போர்டின் பள்ளிக்கூடம்

நான் படித்தது ‘போர்டு ஸ்கூல்’. ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். கரும்பலகை இருப்பதால் அந்தப் பெயர் என்று பத்தாவது வரை நம்பிக்கொண்டிருந்தேன். உண்மை வேறு.

1882-ல் வைஸ்ராய் ரிப்பன் பிரபு உள்ளாட்சி பற்றிய தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அதன் தொடர்ச்சியாகச் சென்னை மாகாணத்தில் 1884-ல் லோக்கல் போர்டுகள் சட்டம் வந்து, ஜில்லாவுக்கு ஒரு போர்டு, தாலுகாவுக்கு ஒரு போர்டு என்று அமைந்தன. ஆரம்பத்தில் கலெக்டரே ஜில்லா போர்டின் தலைவர். தேர்தல் மூலம் வரும் உறுப்பினர்கள் படிப்படியாகத்தான் அதிகமானார்கள். 1920-ஆம் வருடச் சட்டம் அதில் ஒரு பெரிய படி. சாலை, ஆஸ்பத்திரி, சத்திரம், பள்ளிக்கூடம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. எங்கள் தஞ்சாவூர் ஜில்லா போர்டு ஒரு படி மேலே போய் ரயிலே விட்டது. 1894-ல் திறந்த மாயவரம் - முத்துப்பேட்டை ரயில்பாதை அந்தப் போர்டின் சொத்து. வண்டியை ஓட்டியது தென்னிந்திய ரயில்வே. பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் நான் தினமும் கடந்துபோன தண்டவாளமும், போய் உட்கார்ந்த கட்டிடமும் ஒரே மேஜையில் தீர்மானமானவை என்பது வரலாறு எம்.ஏ. படித்தபோதுதான் தெரிந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், 1958-ஆம் வருடப் பஞ்சாயத்துச் சட்டத்தை ஒட்டி ஜில்லா போர்டுகள் மறைந்துவிட்டன. நான் அந்தப் பள்ளியில் சேர்ந்தது அதற்கெல்லாம் பின்னால். போர்டே இல்லாத காலத்தில் போர்டு ஸ்கூலில் படித்தவன் நான். மின்சாரத்தையும் பாருங்கள். 1957 ஜூலை 1-ல் மின்சார போர்டு ஏற்பட்டது. 2010-ல் அதை நிறுவனங்களாகப் பிரித்து வேறு பெயர்கள் வைத்தார்கள். ஆனாலும் கரண்ட் போனால் நாம் "ஈ.பி.க்குப் போன் பண்ணு" என்றுதான் சொல்கிறோம். அமைப்பைச் சட்டம் போட்டுக் கலைக்கலாம். வார்த்தையைக் கலைக்க எந்த கெஸட்டாலும் முடியாது.

நம் பலகையும் நம் வாரியமும்

தமிழில் பலகை என்ன செய்தது? அதுவும் சும்மா இருக்கவில்லை. பழைய தமிழில் ‘பலகை’ என்றால் மரப்பலகையோடு கேடயம் என்றும் பொருள் உண்டு. சூதாடும் பலகையும் உண்டு. ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் இதில் கொடுக்கல் வாங்கல் எதுவும் கிடையாது. மரத்தை அறுத்த மனிதன் எங்கேயும் ஒரே மாதிரி யோசித்திருக்கிறான், அவ்வளவுதான்.

மதுரையில் சங்கப் பலகை என்று ஒரு கதை உண்டு. திருவிளையாடற் புராணத்தில் அதற்குத் தனிப் படலமே இருக்கிறது. தகுதியுள்ள புலவர் வந்தால் பலகை நீண்டு இடம் கொடுக்குமாம். இது புராணம், வரலாறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு பலகை, அதில் உட்கார்ந்தவர்கள், உட்காரத் தகுதி என்ன என்ற கேள்வி மூன்றும் அந்தக் கதையில் இருக்கின்றன. ‘போர்டு’ என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல படம் இங்கிலீஷிலும் கிடையாது.

போர்டைத் தமிழில் நாம் ‘வாரியம்’ என்கிறோம். மின் வாரியம், குடிநீர் வாரியம், வீட்டு வசதி வாரியம். இந்தச் சொல்லை எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்லப் போனால்... தம்பி மன்னிக்க வேண்டும், சோழர் காலம் வந்துவிட்டது! ஒரே ஒரு பாராதான்.

உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து இரண்டு கல்வெட்டுகள், 919-லும் 921-லும் வெட்டியவை. அந்த ஊர்ச் சபையின் ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம், பொன் வாரியம், பஞ்சவார வாரியம் ஆகியவற்றுக்குக் குடவோலை மூலம் ஆள் எடுத்த முறையை அவை விவரிக்கின்றன. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி வர முடியாது. அவன் நெருங்கிய உறவினர்களும் வர முடியாது. இதைப் படித்து எல்லோரும் கை தட்டுவோம்; தட்ட வேண்டியதுதான். ஆனால் வகுப்பில் நான் அடுத்த வரியையும் படிக்கச் சொல்வேன். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதக் கல்வி வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். நிலமில்லாத என் அப்பா பெயர் அந்தக் குடத்துக்குள் விழுந்திருக்காது. எழுபதைத் தாண்டிவிட்டதால் என் பெயரும் விழாது என்று மாணவர்கள் சமாதானம் சொல்லலாம்.

எந்தக் காலமானாலும் போர்டைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்த மேஜையில் யாருக்கு இடம், யாருக்கு இல்லை?

ஒரு நோட்டீஸ் போர்டு

இத்தனை போர்டிலும் என்னால் மறக்க முடியாதது ஒன்று உண்டு. அது 1973-ஆம் வருடக் கடைசி. வாள் பட்டு அப்பாவின் வலது கையில் ஆழமான காயம். மூன்று மாதம் உளி பிடிக்கவில்லை. ‘டிவைடிங் சிஸ்டம்’ என்று மாதாமாதம் வருகிற மெஸ் பில் பாக்கி விழுந்து, இருநூறு ரூபாயைத் தாண்டிவிட்டது.

ஒரு திங்கட்கிழமை காலை ஹாஸ்டல் வாசல் நோட்டீஸ் போர்டில் டைப் அடித்த பட்டியல் ஒட்டியிருந்தது. தலைப்பு ‘மெஸ் டிஃபால்டர்ஸ்’. பதினான்கு பேர். என் பெயர் ஒன்பதாவது. மறுநாள் முதல் இவர்களுக்கு மெஸ்ஸில் சாப்பாடு கிடையாது என்று கீழே ஒரு வரி. விதி விதிதான்; மளிகைக் கடைக்காரர் மெஸ்ஸை விடுவாரா? அது எனக்குப் புரிந்தது. புரியாதது, அந்தப் பட்டியலைக் கடந்துபோகும்போது யார் முகத்தைப் பார்ப்பது என்பதுதான். வகுப்புக்குப் போக வேறு வழியும் கிடையாது.

இரண்டு நாள் டீக்கடையில் பன்னும் டீயுமாக ஓட்டினேன். நண்பர்கள் கூப்பிட்டபோது வயிறு சரியில்லை என்றேன். மூன்றாம் நாள் ராத்திரி, மெஸ் பின்பக்கம் குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். சமையல் மாஸ்டர் கதவைத் திறந்தார். எங்கள் செட்டுக்காரர்களுக்கு அவரைத் தெரியும். பெரிய மீசை, சின்னக் குரல்.

"ஏன் தம்பி, ரெண்டு நாளா உன்னை இலையில காணோம்?"

"போர்டுல என் பேர் போட்டிருக்கு மாஸ்டர்."

"போர்டா? எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது தம்பி. அதுல என்ன போட்டிருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? வந்து உக்காரு."

உட்கார்ந்தேன். அடுப்படியில், மாவு பிசைகிற மேஜையின் ஓரத்தில் தட்டு வைத்தார். பட்டியலிலிருந்த பதினான்கு பேரில் ஐந்து பேர் அங்கே ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து அப்பாவிடமிருந்து மணியார்டர் வந்தது. கல்யாணக் கட்டில் ஒன்றுக்கு வாங்கிய அட்வான்ஸ் பணம். கூப்பனில் கோணல் மாணலாக ஒரு வரி எழுதியிருந்தார்: ‘பலகைக் காசு அனுப்பியிருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.’

பணத்தைக் கட்டிவிட்டு முன் வாசல் வழியாக மெஸ்ஸுக்குள் போனேன். சுவரில் சின்னக் கரும்பலகை ஒன்று தொங்குமே, நினைவிருக்கிறதா? ‘இன்று: வத்தக்குழம்பு, கோஸ் பொரியல், ரசம், மோர்’ என்று தினமும் சாக்பீஸில் முத்து முத்தாக எழுதியிருக்கும். இரண்டரை வருடமாகப் படித்துக்கொண்டிருந்தேன். யார் எழுதுகிறார்கள் என்று யோசித்ததே இல்லை. அன்று அதன் முன்னால் ஸ்டூல் போட்டு ஏறி நின்று எழுதிக்கொண்டிருந்தவர் மாஸ்டர். என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் ரசத்துக்குப் பக்கத்தில் அப்பளத்தைச் சேர்த்து எழுதினார்.

ஒரு வேண்டுகோள்

பின்னாளில் நானும் ஒரு பல்கலைக்கழகத்தின் போர்டு ஆஃப் ஸ்டடீஸில் உறுப்பினராக உட்கார்ந்தேன். வழவழப்பான பெரிய மேஜை, டீ, முந்திரிப்பருப்பு. முதல் கூட்டத்தில் என் கை தானாக மேஜையின் ஓரத்தைத் தடவிப் பார்த்தது. தேக்கு இல்லை, ஒட்டுப் பலகை. அப்பா இருந்தால் கண்டுபிடித்துச் சொல்லியிருப்பார். இருந்த மூன்று வருடமும் ஏதாவது தீர்மானத்தில் கையெழுத்துப் போடும் முன், இது எந்த மாணவன் கண்ணில் எந்த போர்டில் படும் என்று ஒரு தடவை நினைத்துக்கொள்வேன். எப்போதும் சரியாகச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். நினைத்தேன், அவ்வளவுதான்.

இந்த முறை நாம் கூடும்போது சங்கத்தின் முன் ஒரு யோசனை வைக்கப்போகிறேன். இன்றும் இந்த ஹாஸ்டலில் முதல் தலைமுறைப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பட்டியல் இப்போது சுவரில் ஒட்டப்படுவதில்லை, செல்போன் குழுவில் வந்துவிடுகிறது என்றார்கள். கடந்துபோனால் தீர்ந்தது என்ற வசதிகூட அதில் இல்லை. நம் சங்கத்தில் ஒரு சின்ன நிதி இருக்கட்டும். பாக்கி விழுந்த பிள்ளையின் பெயர் வெளியே வருவதற்கு முன் வார்டன் அதிலிருந்து எடுத்துக் கட்டட்டும். வாங்கிய பிள்ளை யார் என்று நமக்குத் தெரிய வேண்டாம். கொடுத்தவர் யார் என்றும் பிள்ளைக்குத் தெரிய வேண்டாம். டியூப்லைட்டில் ‘உபயம்’ எழுதி வெளிச்சத்தை மறைக்கிற பழக்கம் இதில் வேண்டாம். பெயர்ப் பலகை கிடையாது. கணக்கு மட்டும் வருடாவருடம் பொதுக்குழுவில் வைக்கப்பட வேண்டும். அந்த விஷயத்தில் உத்தரமேரூர்க்காரர்கள் சொன்னது சரி.

படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். உங்களில் பலர் நாளைக்கு ஏதாவது ஒரு போர்டில் உட்காருவீர்கள். உட்காருங்கள், சந்தோஷம். அந்த மேஜை ஒரு காலத்தில் சாப்பாடு போடத்தான் போடப்பட்டது என்பது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்.

ரீயூனியன் அன்று மத்தியானப் பந்தியில் சந்திப்போம். எத்தனை இலை என்று கமிட்டிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.